வீரபாண்டிய கட்டபொம்மன் வாழ்வில் மானமும் எதிர்நிற்றலும்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் வட்டாரத்தில் எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி என்னும் இரு பாளையங்களின் பெயர்களும் எதிரெதிராக வைத்தே இன்றும் பேசப்படுகின்றன. இரண்டும் தம் தோற்றக் கதையை வீரத்தின்மீது நிறுத்தியவை. எட்டயபுர மரபின் முன்னோர் ஒருவர், அரண்மனை வாயிலில் வருவோரையெல்லாம் போருக்கு அறைகூவி நின்ற சோமன் என்னும் மல்லனைத் தனிப்போரில் கொன்றார் என்றும், ஆதரவற்று நின்ற அவன் தம்பியர் எண்மரையும் தந்தையாக இருந்து காத்தமையால் எட்டப்பன் எனப் பெயர் பெற்றார் என்றும் அம்மரபு கூறும். பின்னாளில் காட்டிக்கொடுத்தலுக்கு மறுபெயராகிப்போன ஒரு சொல், வென்றவன் தோற்றவன் குடிக்குக் காட்டிய அருளிலிருந்து பிறந்ததாகச் சொல்லப்படுவது கருதத்தக்கது. பாஞ்சாலங்குறிச்சியின் கதையில் மனிதர் போரிடுவதில்லை. வேட்டைநாயை முயல் எதிர்த்து விரட்டிய இடத்தில், மண்ணுக்கே மறம் உண்டு எனக் கண்டு கோட்டை எழுப்பினர் என்பது அக்கதை. மெலியது வலியதை நேர்நின்று எதிர்த்தல் என்ற கருத்து அவ்வூரின் பெயரோடு தொடக்கத்திலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது.

தனியொருவன் எதிர்நின்று பொருதலைப் பொருளாகக் கொண்ட மரபு தமிழில் தொன்மையானது. மண் கருதியோ ஆநிரை கருதியோ அல்லாமல், வலிமையை நிலைநாட்டுதலையே நோக்கமாகக் கொண்ட போரைத் தொல்காப்பியம் தும்பை என வேறு திணையாக வகுத்தது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடிய செய்யுள்கள் புறநானூற்றில் உள்ளன. இத்தகைய போருக்கு எழுதப்படாத முன்நிபந்தனை ஒன்றுண்டு. எதிர்நிற்போர் இருவரும் ஒருவரையொருவர் நிகரெனக் கொள்ளவேண்டும். நிகரல்லாதவனோடு பொருதல் வென்றவனுக்கும் புகழாகாது.

அயர்லாந்தின் பழைய வீரகாவியங்களில் இக்கருத்து மேலும் வெளிப்படையாக உள்ளது. கூலி நாட்டுக் காளையைக் கவரவந்த படையை ஆற்றுத்துறையில் தடுத்துநின்ற கூகுலின், நாளொன்றுக்கு ஒரு வீரன் என்ற உடன்பாட்டின்படி தனித்தனியே பொருதான். அவனோடு ஓரிடத்தில் வளர்ந்து படைக்கலம் பயின்ற ஃபெர்தியா அவனை எதிர்க்க மனமின்றி நின்றபோது, புலவர்களின் வசையால் முகத்தில் கொப்புளம் எழும் என்ற அச்சமே அவனைத் துறைக்கு இட்டுவந்தது. பழைய ஐரிஷ் மொழியில் முகத்தைக் குறிக்கும் சொல்லே மானத்தையும் குறிக்கும். ஒருவரை இழிவுபடுத்தினால் அவர் தகுதிநிலைக்கு ஏற்பச் செலுத்தவேண்டிய ஈட்டுத்தொகைக்கு அந்நாட்டுச் சட்டம் முகவிலை என்று பொருள்படும் பெயரையே வைத்திருந்தது. முகங்கொடுத்துப் பேசுதல், முகத்தில் விழித்தல் எனத் தமிழ் வழக்கிலும் முகம் மதிப்பின் இடமாக இருப்பதால், இவ்வொப்புமை கட்டபொம்மன் வாழ்வைப் புரிந்துகொள்ள ஓரளவு துணைசெய்யும். இரு மரபுகளுக்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டென்பது இங்குக் கருத்தன்று.

வீரபாண்டியன் 1760 சனவரி 3 அன்று சகவீர கட்டபொம்மனுக்கும் ஆறுமுகத்தம்மாளுக்கும் பிறந்தார். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட இராசகம்பளத்தார் குடி அவருடையது; சக்கம்மா குலதெய்வம். கெட்டிபொம்மு என்னும் முன்னோர் பெயரே தமிழ் நாவில் கட்டபொம்மு ஆயிற்று. தம்பியருள் வாய்பேச இயலாத குமாரசாமி ஊமைத்துரை என்ற பெயரால் அண்ணனுக்கு இணையாக மக்கள் நினைவில் நிற்பவர். மனைவி சக்கம்மாள்.

ஒட்டப்பிடாரத்தை அடுத்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை பெரியதன்று. சுமார் 500 அடி நீளமும் 300 அடி அகலமும் கொண்ட மண்கோட்டை அது. சுற்றிலும் முள்வேலி அமைந்திருந்தது. காய்ந்தால் பாறையாய் இறுகும் அந்நிலத்து மண்ணின் இயல்பே அதற்கு அரண். வீரபாண்டியன் இளைஞராயிருந்த 1783ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் கர்னல் ஃபுல்லார்டன் தலைமையில் வந்த கும்பினிப்படை இக்கோட்டையைப் பிடித்தது. பாளையக்காரர் கொழும்பு டச்சு அரசோடு செய்துகொண்ட உடன்படிக்கை ஓலம் அப்போது உள்ளே கிடைத்தது. வேற்று நாட்டு அரசொன்றோடு உடன்படிக்கை செய்துகொள்ளும் தகுதி தமக்குண்டெனப் பாஞ்சாலங்குறிச்சியார் கருதினர் என்பதற்கு இது போதிய சான்று. 1790 பிப்ரவரி 2 அன்று வீரபாண்டியன் பட்டமேற்றபோது அத்தகுதியுணர்வும் அவருக்கு வந்து சேர்ந்தது.

பட்டமேற்ற இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறியது. கடனில் மூழ்கிய ஆர்க்காட்டு நவாபு முகமது அலி 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பாளையக்காரரிடம் பேஷ்குஷ் தண்டும் உரிமையைக் கும்பினியிடம் ஒப்படைத்தார். பாளையக்காரர் அதுவரை கண்டிருந்த மேலதிகாரம் தொலைவில் இருந்தது. படையெடுத்து வரும்போது பணிந்தும் போனபின் நிமிர்ந்தும் அதனோடு வாழமுடிந்தது. கும்பினியின் அதிகாரமோ கணக்குப் புத்தகத்தோடும் தவணை நாளோடும் வந்தது. கரிசல்காட்டில் புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைத்த கம்பும் சோளமும் பருத்தியும் தைக்குப் பின்னரே பணமாகும். ஆடி, ஆவணியில் களஞ்சியம் காலியாக இருக்கும். மழை பொய்த்தால் அவ்வாண்டு முழுதும் இல்லை. இந்நிலத்தின் காலக்கணக்கும் கும்பினியின் காலக்கணக்கும் பொருந்தாமையை, நிலுவைத் தொகையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கருத்தில் கொள்வதில்லை.

1798 மே இறுதியில் பாஞ்சாலங்குறிச்சியின் நிலுவை 3,310 பகோடா எனக் கணக்கிடப்பட்டது. கலெக்டர் காலின் சாக்சன் ஆகத்து 18 அன்று, இராமநாதபுரத்தில் வந்து தம்மைக் காணுமாறு ஆணை அனுப்பினார். அடுத்து நிகழ்ந்ததே கட்டபொம்மன் வாழ்வின் திருப்பம். ஆணைப்படி அவர் புறப்பட்டார். சாக்சனோ சுற்றுப்பயணத்தில் இருந்தார். குற்றாலத்தில் காணமுடியவில்லை, சிறீவில்லிபுத்தூரிலும் மறுப்பே கிடைத்தது. அழைத்தவர் முன்னே செல்ல, அழைக்கப்பட்டவர் பின்தொடர்ந்தார். 23 நாள், ஏறத்தாழ 400 மைல் பயணம் அது. வழியெங்கும் பிற பாளையங்களின் கண்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பாளையக்காரர் தம் பரிவாரத்தோடு ஓர் அதிகாரியின் பின்னால் அலைந்த அந்த 23 நாளே, பின்வந்த எல்லா நிகழ்ச்சிகளுக்கும் வேர் எனலாம். வரி கொடாமை பற்றிய பெருமித உரைகளைக் கட்டபொம்மன் வாய்மொழியாக்கி வளர்ந்த பிற்கால மரபு இப்பயணத்தை விரைவாகக் கடந்துவிடுகிறது. பணிந்து செல்ல முனைந்த கட்டபொம்மன் அம்மரபுக்கு உகந்தவர் அல்லர் போலும்.

செப்டம்பரில் இராமநாதபுரத்தில் பேட்டி கிடைத்தது. பேட்டி என்ற சொல் அக்காலத்தில் பெருமக்கள் ஒருவரையொருவர் முறைப்படி காணுதலைக் குறித்தது. இருக்கை, தாம்பூலம், காணிக்கை, விடைகொடுத்தல் எல்லாம் அதில் அடங்கும். இங்கோ கட்டபொம்மனும் அவருடைய அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளையும் மூன்று மணிநேரம் நின்றுகொண்டே விடையிறுக்க நேர்ந்தது. கணக்குகளைச் சரிபார்த்தபோது பெரும்பகுதி செலுத்தப்பட்டு 1,080 பகோடாவே எஞ்சியிருப்பது தெரிந்தது. பேட்டியின் பொருள் பணமேயாயின் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் விடைகொடுக்கப்படவில்லை, கோட்டைக்குள்ளேயே தங்குமாறு பணிக்கப்பட்டார். இது சிறைக்கு முன்படி என உணர்ந்த கட்டபொம்மன் வெளியேற முயன்றார். ஊமைத்துரையும் உடன்வந்த வீரரும் துணைநின்றனர். கோட்டை வாயிலில் கைகலப்பு மூண்டு லெப்டினென்ட் கிளார்க் கொல்லப்பட்டார். சிவசுப்பிரமணிய பிள்ளை அகப்பட்டுக்கொண்டார்.

கதைப்பாடல்களும் மக்கள் மரபும் இவ்விடத்தில் நெடுநேரம் நிற்கின்றன. அவற்றில் கிளார்க்கின் சாவு வாளேந்திய இருவர் எதிர்நின்ற போராக வளர்ந்து, கட்டபொம்மனின் கையே அவரை வெட்டி வீழ்த்துகிறது. 1959ஆம் ஆண்டுத் திரைப்படம் இன்னொரு திருத்தத்தைச் செய்தது. நிற்கவைக்கப்பட்டவர் திரையில் நாற்காலியைத் தானே கைக்கொண்டு அமர்கிறார். நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல் முதல் ம.பொ.சி. எழுதிய வரலாறு வரை இப்பேட்டி பெற்ற இடம் பெரிது. வரலாற்றில் மறுக்கப்பட்ட இரண்டை, அதாவது அமர்தலையும் நிகராகப் பொருதலையும், மக்கள் கற்பனை அவருக்குத் திருப்பித் தந்திருக்கிறது. அவமதிப்பு எங்கே நிகழ்ந்தது என்பதை மரபு மிகச் சரியாகவே அறிந்திருந்தமையால்தான் துல்லியமாக அவ்விடத்திலேயே அதன் கை பட்டுள்ளது.

ஊர் திரும்பிய கட்டபொம்மன் படைதிரட்டுவதற்கு முன் முறையீடு எழுதினார். சென்னை அரசு வில்லியம் பிரவுன், வில்லியம் ஓரம், சான் காசமேசர் ஆகியோரைக் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தது. 1798 திசம்பர் 15 அன்று கட்டபொம்மன் அக்குழுவின் முன் தோன்றி இராமநாதபுரத்தில் நடந்ததை எடுத்துரைத்தார். குழு அவரைக் குற்றமற்றவரெனக் கண்டது. சிவசுப்பிரமணிய பிள்ளை விடுவிக்கப்பட்டார். சாக்சன் பணியிலிருந்து நீக்கப்பட்டு அவ்விடத்தில் லூசிங்டன் அமர்த்தப்பட்டார். கும்பினியின் சொந்தக் குழுவே அதன் கலெக்டரைப் பிழையென்று கூறியதை, கட்டபொம்மனைக் கொள்ளைக்காரர் என ஒற்றைச் சொல்லில் முடிக்க முயன்ற தமிழ்வாணன் போன்றோர் கருதிப்பார்த்திருக்கலாம்.

ஆயினும் பகை தணியவில்லை. 1799 மார்ச் 16 அன்று புதிய கலெக்டர் எழுதிய மடலுக்குக் கட்டபொம்மன் விடுத்த விடை இங்கு நுணுகி நோக்கத்தக்கது. கடும் வறட்சியால் தொகை செலுத்தத் தாமதமாயிற்று என்பது அதன் ஒரு பகுதி. இராமநாதபுரத்தில் தம்மிடமிருந்து பறிக்கப்பட்டவற்றைத் திருப்பித் தரவேண்டும் என்பது மற்றொன்று. கணக்குப் பார்வையில் இரண்டாவது கோரிக்கை வரியைத் தள்ளிப்போடும் சாக்காகத் தோன்றும். வீரமரபின் பார்வையில் அதுவே முதன்மையானது. பதவியிழந்த சாக்சன் கும்பினிக்குப் பதில் கூறிவிட்டார். நிற்கவைக்கப்பட்டவருக்குக் கும்பினி எதுவும் செலுத்தவில்லை. ஐரிஷ் சட்டம் முகவிலை என்று வகுத்திருந்ததைக் கட்டபொம்மன் பறிபோன பொருளின் பெயரால் கேட்டார் எனக் கொள்வது பொருந்தும். அது கிடைக்கும்வரை மீண்டும் ஒரு பேட்டிக்குச் செல்வது முதல் இழிவை ஒப்புக்கொள்வதாகும். லூசிங்டனைக் காண அவர் இணங்காமையின் உட்பொருள் இதுவே.

இதற்குள் அரசியல் சூழல் கடுமையாகிவிட்டது. சிவகங்கை மருது சகோதரர், திண்டுக்கல் கோபால நாயக்கர் முதலியோர் இணைந்த கூட்டமைப்பு உருவாகிவந்தது. சிவகிரிப் பாளையத்தின் உட்பூசலில் பாளையக்காரரின் மகனுக்குத் துணையாகக் கட்டபொம்மன் படை அனுப்பினார். இது கும்பினியின் மேலாண்மைக்கே அறைகூவலாகக் கொள்ளப்பட்டது. 1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு மாண்டபின் தெற்கே அனுப்பப் படைக்குப் பஞ்சமில்லை. அதே மாதம் வெல்லெசுலி ஆணையிட்டார்.

மேசர் பானர்மேன் செப்டம்பர் 1 அன்று விடுத்த இறுதி எச்சரிக்கை, 4ஆம் நாள் பாளையங்கோட்டையில் வந்து காணவேண்டும் என்பது. மறுபடியும் பேட்டி, மறுபடியும் குறிக்கப்பட்ட நாள். கட்டபொம்மன் செல்லவில்லை. 5ஆம் நாள் படை பாஞ்சாலங்குறிச்சியை வளைத்தது. முதல் தாக்குதலில் கும்பினியார் பேரிழப்போடு பின்வாங்கினர். ஆங்கில அதிகாரிகள் சிலர் மாண்டனர். மண்சுவரை உடைக்கப் பெரும்பீரங்கி வேண்டுமென உணர்ந்து பாளையங்கோட்டையிலிருந்து அதனை எதிர்நோக்கினர். அது வருமுன் கட்டபொம்மன் இரவில் கோட்டையை விட்டு வெளியேறினார்.

இவ்வெளியேற்றத்தை எங்ஙனம் மதிப்பிடுவது? போர்நுட்பம் கருதினால் குறைகூற இடமில்லை. பீரங்கிக்கு முன் அம்மண்சுவர் நில்லாது. தலைவன் உயிரோடிருந்தால் கூட்டமைப்பு பிழைக்கும். 1801ஆம் ஆண்டில் மருது சகோதரரும் ஊமைத்துரையும் காட்டை அரணாகக் கொண்டு நெடுநாள் தாக்குப்பிடித்தமை இக்கணக்கு பிழையன்று என்பதைக் காட்டும். தும்பை மறவனுக்கோ களத்தை விட்டு அகலுதல் மாசு. புறமுதுகிட்டான் என்ற சொல்லுக்கு அஞ்சிய தாயரையும், புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த மன்னரையும் பாடிய மொழியில் இக்கேள்வி எளிதன்று. கதைப்பாடல் மரபு வெள்ளையத்தேவன், சுந்தரலிங்கம் முதலிய படைத்தலைவர்களின் களச்சாவை விரித்துப் பாடி அவ்விடத்தை நிரப்பியது. தலைவர் செய்ய இயலாததைத் துணைவர்மேல் ஏற்றிய இம்முறை, பாடகர்களுக்கும் இவ்விடம் நெருடலாகவே இருந்தது என்பதை உணர்த்தும்.

கோலார்பட்டியில் நிகழ்ந்த மோதலில் சிவசுப்பிரமணிய பிள்ளை மீண்டும் பிடிபட்டார். செப்டம்பர் 13 அன்று நாகலாபுரத்தில் அவர் தூக்கிலிடப்பட்டார். இராமநாதபுரத்தில் தலைவரோடு நின்றவர் தலைவருக்கு முன்னரே சென்றார். கட்டபொம்மன் திருக்களம்பூர்க் காட்டில் மறைந்திருந்தபோது புதுக்கோட்டைத் தொண்டைமானால் பிடிக்கப்பட்டுக் கும்பினியிடம் ஒப்படைக்கப்பட்டார்.

1799 அக்டோபர் 16. கோவில்பட்டிக்குத் தெற்கே கயத்தாற்றில், சுற்றுவட்டாரப் பாளையக்காரர் அனைவரையும் வரவழைத்துப் பானர்மேன் விசாரணை நடத்தினார். தண்டனையைக் காண்போர் அஞ்சவேண்டும் என்பது அவர் நோக்கம். சிவகிரிக்கு எதிராகப் படை அனுப்பியதையும் கும்பினிப்படையோடு பொருததையும் கட்டபொம்மன் மறுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. பானர்மேன் மறுநாள் அரசுக்கு அனுப்பிய அறிக்கை கட்டபொம்மனின் நடத்தையை விரிவாகவே பதிவுசெய்துள்ளது. தம்மைப் பிடிக்க முனைந்து நின்ற எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் அவர் அவ்வப்போது இகழ்ச்சியோடு நோக்கினார் என்றும், தூக்குமரத்துக்கு நடந்தபோது முகத்தில் கலக்கமின்றி இருபுறமும் நின்றோரைப் பார்த்துச் சென்றார் என்றும் அறிக்கை கூறும். வழியில் அவர் கவலையெல்லாம் பேச இயலாத தம்பியைப் பற்றியதாகவே இருந்தது. புளியமரத்தடியை அடைந்தபோது, கோட்டையை விட்டு வந்தது பிழை, அதைக் காத்துநின்று அங்கேயே மடிந்திருக்கலாம் என வருந்தினார்.

பகைவரின் கையெழுத்தில் எஞ்சிய இச்செய்தியின் மதிப்பு பெரிது. கொல்லப்பட்டவரைப் புகழ்வதில் பானர்மேனுக்கு ஆதாயம் ஏதுமில்லை. கட்டபொம்மனின் வருத்தத்தில் உயிரச்சம் இல்லை. கும்பினியை எதிர்த்தமைக்கான கழிவிரக்கமும் இல்லை. எதிர்நிற்கக் கிடைத்த ஒரே களத்தைக் கைவிட்டதற்காகவே அவர் வருந்துகிறார். இராமநாதபுரத்தில் நிகரென ஏற்கப்படாதவருக்கு, பாஞ்சாலங்குறிச்சியின் சுவர்மேல் நின்ற சில நாட்களில் மட்டுமே அந்நிகர்மை கிடைத்தது. கும்பினிப்படை பின்வாங்கி நின்ற அந்த இடைவெளியில் அவர் வென்றிருந்தார். தம் வெளியேற்றத்தைப் பற்றிய கேள்வியை அவரே எழுப்பி, போர்நுட்பத்தைத் தள்ளி, வீரமரபின் பக்கம் நின்று தமக்கு எதிராகத் தீர்ப்பளித்துக்கொண்டார். கயத்தாற்று விசாரணையில் அவர் ஏற்றுக்கொண்ட தீர்ப்பு அது ஒன்றே. அப்போது அவருக்கு வயது 39.

எட்டப்பர் பக்கம் சென்ற இகழ்ச்சிப் பார்வையும் இம்மரபுக்குள் வைத்தே நோக்கவேண்டியது. எல்லைச் சிக்கலால் இரு பாளையத்தாரும் முன்னரே பகைவர். வீரமரபில் பகைவன் வெறுக்கத்தக்கவன் அல்லன். எதிர்நின்றால் போற்றவும் படுவான். பிறர் படையின் நிழலில் நின்றோரை நோக்கிய பார்வை அதனின் வேறானது. சோமனைத் தனிநின்று வீழ்த்தியவர் வழியில் வந்தவர் என்ற பெருமை அன்று எட்டயபுரத்தாரைக் காக்கவில்லை. நெடுங்கதை ஒன்றையும் பல தலைமுறைகளையும் கடந்து, அப்பெயரின் பொருளையே அந்தக் கயத்தாற்று நாள் மாற்றிவிட்டது.

அண்ணன் கைவிட்டதை எண்ணி வருந்திய கோட்டையைத் தம்பி மீட்டார். 1801 பிப்ரவரி 2 அன்று பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, இடிக்கப்பட்டிருந்த கோட்டையைச் சில நாட்களிலேயே மீண்டும் எழுப்பினார். மே 24 வரை அது கும்பினியின் படையைத் தடுத்துநின்றது. முற்றுகையில் பங்குகொண்ட வெல்சு என்னும் அதிகாரி தம் நினைவுக்குறிப்பில் இத்தம்பியின்பால் வியப்பை மறைக்கவில்லை. நவம்பர் 16 அன்று ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார். கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. அவ்விடத்தில் ஏரோட்டி ஆமணக்கு விதைத்தனர் என்பது மக்கள் வழக்கு. பகைவர் அரணை அழித்துக் கழுதை ஏர் பூட்டி உழுது வரகும் கொள்ளும் விதைக்கும் உழிஞைத் துறையை அறியாமலே கும்பினியார் நடத்திக்காட்டினர் போலும்.

கயத்தாற்றில் தூக்குமரம் நின்ற இடத்தில் நெடுங்காலம் அடையாளமாக இருந்தது ஒரு கற்குவியல். அவ்வழியே மதுரைக்கும் நெல்லைக்கும் நடந்துசென்றோர் ஆளுக்கொரு கல்லை எடுத்து அதன்மேல் இட்டுச் சென்றனர்.